ஆளுக்கொரு பொட்டி

செருப்போடயே வாங்க, பரவால்லீங்க. கூட்டிப் பெருக்கறதுக்கு ஊட்ல ஆளில்லை, அதனால அழுக்காகுமேங்கற கவலையும் இல்லை. கம்ப்யூட்டரைப் பாக்கத்தான வந்தீங்க? அதா அங்க, துணி போட்டு மூடியிருக்குது பாருங்க, அதுதான். உக்காருங்க. சித்தெ பொறுங்க, போட்டுக் காட்டறேன். அது கண்ணு முழிக்கறதுக்குக் கொஞ்சம் நேரமாகும்.

ஒண்ணை மட்டும் மொதல்லயே சொல்லிப்போடறனுங்க. மிசின்ல ஒரு குத்தமும் கெடையாது. கெட்டுப்போயித் தள்ளி உடறேன்னு நெனச்சுராதீங்க. குத்தமெல்லாம் அதைத் தொட்டவங்க மேல. நீங்க ஊட்டுக்குன்னு வாங்கறீங்க இல்லீங்களா? ஊட்ல எத்தனை பேரு? நீங்க, சம்சாரம், ரெண்டு பொண்ணு. அப்படின்னா நான் சொல்றதைச் சித்தெ கேட்டுட்டுப் போங்க. மிசினை எடுத்துக்கிட்டாலும் சரி, எடுக்காட்டியும் சரி.

என் பேரு சென்னியப்பன். மில்லு ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டையரானவன். டைப்ரைட்டிங் தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் ஹையர். உனக்குப் பத்து வெரலும் பேசுது சென்னியப்பான்னு எங்க மேனேஜர் சொல்லுவாரு. அவருக்கு ஒரு வெரலும் பேசாது, அது வேற கதை. நான் எழுதிக் குடுக்கற லெட்டர்ல கையெழுத்துப் போடறதுதான் அவருக்கு வேலையே.

எனக்கு ஒரே பையன், பூபதி. டிப்ளமா படிச்சுப்போட்டு மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்கு சூப்பர்வைசரா போனான். கலியாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆயிருந்துது. பொண்டாட்டியை எங்ககிட்ட உட்டுப்போட்டுப் போனான். போறதுக்கு முந்தி இந்த மிசினை வாங்கி வெச்சு, போன் லைனையும் இதுல மாட்டிக் குடுத்துட்டு, 'அப்பா, இதுல லெட்டர் போட்டா அடுத்த நிமிசம் எனக்கு வந்துரும், மூணு பேரும் எழுதுங்க'ன்னான். வாங்குனதென்னமோ அவந்தான். ஆனா ஊட்டுக்குள்ள மிசினுன்னு ஒண்ணு வந்தா அதுக்கு ஒரு பொறுப்பாளி வேணுமில்லீங்களா? எங்கூட்டுக்காரி நாகமணி எட்டாவது. மிக்சிக்கே என்னைக் கூப்புடறவ. மருமக கோகிலா பி.காம். படிச்சிருக்கறா, கம்ப்யூட்டர் கோர்ஸும் முடிச்சிருக்கறாளாமா. முடிச்சு என்னங்க? ஒரு லெட்டர் ஒழுங்கா எழுதத் தெரியாது. 'ரிசீவ்'ல 'இ' முந்தியா 'ஐ' முந்தியான்னு கேட்டா முழிப்பா. அதனால நானே பொறுப்பு எடுத்துக்கிட்டேன்.

விலாசம் ஒண்ணே ஒண்ணு, என் பேர்ல. யாருக்கு லெட்டர் வந்தாலும் அதுக்குத்தான் வரும். சாயங்காலம் நான் லைனைப் போடுவேன். அது ஒரு ஊளை உட்டு, கரகரன்னு இழுத்து, அப்பறமாத்தான் சேரும். அந்நேரத்துக்கு ஊட்ல யாரும் போனைத் தொடக் கூடாது. வந்த லெட்டரை எல்லாம் மொதல்ல நான் படிச்சுப் பாப்பேன். பொறகு சாப்பிடறப்ப எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவேன். மில்லுல தபால் அப்படித்தானுங்க. மேனேஜர் பேருக்கே வந்தாலும் மொதல்ல என் மேசைக்கு வந்துதான் போகும். ஒரு லெட்டர் தவறுனதில்லை.

பையன் ஆரம்பத்துல நீளம் நீளமா எழுதுவான். தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு அனுப்புவான். ஒருக்கா ஒண்ணு வந்துது. தலைப்புலயே 'கோகிலாவுக்கு மட்டும்'னு போட்டிருந்தான். நான் கண்ணாடியை மாட்டிக்கிட்டு மொதல்ல தலைப்பைப் படிச்சேன். அப்பறம் விசயத்தைப் படிச்சேன். தூக்கம் வரலையாமா. அனல் காத்தாமா. இவளோட பழைய துப்பட்டாவை எடுத்துட்டுப் போயித் தலகாணி மேல போட்டுப் படுத்துக்கறானாமா. டிப்ளமா படிச்சவன் எழுதற எழுத்துங்களா இது? நான் நிறுத்தற எடத்துல நிறுத்தி, ஏத்தற எடத்துல ஏத்தி, முறையாத்தான் படிச்சேன். அந்தப் புள்ள தட்டை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருச்சு. குழாயைத் தொறந்து உட்டுப்போட்டு அது பாட்டுக்கு நிக்குது. தண்ணி வீணாப் போகுது கண்ணுன்னு நாந்தான் சத்தம் போட்டேன்.

நாகமணி, 'போதுமுங்க, நிறுத்துங்க'ன்னா.

'பாதியில நிறுத்துனா எழுதுனவனுக்கு என்ன மரியாதை?'ன்னு கேட்டுப்போட்டு முழுக்கப் படிச்சேன்.

அதுக்கு அப்பறமா அவன் எழுத்தே சுருங்கிருச்சுங்க. நான் நலம், நீங்கள் நலமா, இங்கே வெயில். அவ்வளவுதான். ஊட்ல இருக்கறப்பவே அவன் அப்படித்தான். எதையும் ஒரு வேகத்துல ஆரம்பிப்பான், நிக்க மாட்டான்.

பதில் எழுதறதும் நாந்தான். அவங்க சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். சொல்றதை அப்படியே அடிச்சா அனுப்ப முடியுங்களா? 'சாமி, எளச்சுக் கிளச்சுப் போயிராத, வேளைக்குத் தின்னு'ன்னு இவ சொல்லுவா. 'உடல்நலத்தைப் பேணவும்'னு நான் போடுவேன். கோகிலாவைக் கேட்டா, 'நல்லா இருக்கேன்னு போடுங்க மாமா'ன்னுவா. வேற? 'வேற ஒண்ணுமில்லீங்க மாமா.' பாத்துக்கங்க. கட்டுன புருசனுக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லையாமா. இந்தக் காலத்துப் புள்ளைங்க லச்சணம்.

இதா, திரை வந்துருச்சு பாருங்க. நல்ல வெளிச்சம். ஒரு கீறல் இருக்குதுங்களா? பாருங்க, பக்கத்துல போயிப் பாருங்க.

அப்பறமுங்க, மாரியாத்தா நோம்பிக்கு முந்தி பூபதிகிட்ட இருந்து பெருசா ஒண்ணு வந்துது. அவங்கம்மாவுக்குன்னு எழுதியிருந்தான். கூட வேலை பாத்த பாலக்காட்டுக்காரன் ஒருத்தன் சாரத்துல இருந்து விழுந்து போயிச் சேந்துட்டானாமா. அவன் விழுந்தப்ப இவன் பக்கத்துலயே நின்னிருக்கறான். அன்னைல இருந்து மேல ஏறுனா காலு நடுங்குதாமா. ஏணியில பாதியில நின்னு அழுதுட்டானாமா, கீழ இருந்தவங்கெல்லாம் பாத்து சிரிச்சாங்களாமா. 'ஊருக்கு வந்துர்றேம்மா, அங்கயே ஏதாச்சும் பாத்துக்கறேன். அப்பா ஒத்துக்க மாட்டாங்க. நீங்க வான்னு சொன்னா வந்துர்றேன், வேண்டாம்னா இருந்துக்கறேன்'னு முடிச்சிருந்தான்.

நாகமணி அந்நேரம் கோயிலுக்குப் போயிருந்தா. அவ வர்ற வரைக்கும் இதை வெச்சுக்கிட்டு இருக்க முடியுங்களா? வந்தா என்ன பண்ணுவா? ஒப்பாரி வெப்பா. வா சாமின்னுவா. ஒரு பையன் வாழ்க்கையை எட்டாவது படிச்சவ கையில குடுக்க முடியுங்களா? சாரம்னு இருந்தா ஒருத்தன் ரெண்டு பேரு விழத்தான் செய்வாங்க. எங்க மில்லுலயுந்தான் கை போனவங்க இருந்தாங்க. எல்லாருமா ஊட்டுக்கு ஓடிட்டாங்க?

நான் ஒடனே பதில் போட்டேன். 'வர வேண்டாம். ஆம்பளையா இருந்து சமாளி. பாதியில ஓடி வந்தா உன் மூஞ்சியைப் பாக்கறதுக்கே எனக்கு வெக்கமா இருக்கும். இப்படிக்கு அம்மா.' நறுக்குன்னு இருந்துதுங்க. வழவழா கொழகொழா கெடையாது. அவன் லெட்டரை மிசின்ல இருந்தே அழிச்சுட்டேன். ஊட்ல இருக்கறவங்களை எதுக்குக் கலங்கடிக்கோணும்?

பையன்கிட்ட இருந்து அதுக்கு மேல லெட்டரே வரலை. நோம்பி முடிஞ்சு, ஆடியும் முடிஞ்சுது. ஒண்ணும் காணோம். நான் ஒழுங்கா வேலை பாக்கறான்னு எடுத்துக்கிட்டேன். இந்த ரெண்டு பொம்பளைங்களும் தெனம் சாயங்காலமான்னா எம்பொறத்தால வந்து நின்னுக்குவாங்க. 'வந்துருக்குதுங்களா மாமா?' 'வந்துருக்குதுங்களா?' வந்தாச் சொல்ல மாட்டேனுங்களா?

ஒருநாள் கோகிலா காப்பியைக் கொண்டாந்து வெச்சுட்டு, போகாம நின்னுது.

'என்ன கண்ணு?'

'மாமா, இந்த ப்ரோகிராம்லயே ஆளுக்கொரு பொட்டி வெச்சுக்கலாமுங்க. ஆளுக்கொரு விலாசம், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அவங்கவங்களுக்கு வர்றது அவங்கவங்க பொட்டிக்குப் போயிரும். உங்களுக்கும் செரமம் இல்லை பாருங்க.'

'எனக்குச் செரமம்னு நான் சொன்னனா?'

'இல்லீங்க மாமா.'

'இதென்ன ஊடா, லாட்ஜா? ஆளுக்கொரு ரூமு, ஆளுக்கொரு சாவின்னு?'

அது தலையைக் குனிஞ்சுக்கிட்டுது. அதோட போயிருக்கும். ஆனா அடுப்படியில இருந்து எங்கூட்டுக்காரி குரல் வருது: 'எனக்கும் ஒண்ணு போட்டுரு அம்மிணி.'

எனக்குச் சிரிப்பு அடக்க முடியலீங்க. காப்பி பொறையேறிருச்சு. 'உனக்கா? உனக்கு யாரு லெட்டர் போடப் போறா? கலெக்டரா?'ன்னு கேட்டேன். அவ தேங்கா துருவிட்டு இருந்தா, துருவிக்கிட்டே இருந்தா.

அடுத்த வாரத்துல ஒருநாள் பென்சன்காரங்க சங்கத்துக் கூட்டத்துக்குப் போயிட்டு வர்றேன். மிசினைப் போட்டா, திரையில மூணு பேரு நிக்குது. கோகிலா, நாகமணி, சென்னியப்பன். அந்த வரிசையில. என் பேரு கடைசியில. என் பேரைத் தொட்டா என் பொட்டி தொறக்குது. அவங்க பேரைத் தொட்டா பாஸ்வேர்டைக் கேக்குது. என் ஊட்ல, என் ஹால்ல, நான் தொடைச்சு வெச்ச மிசின் என்னையே யாருன்னு கேக்குது! இத்தனை வருசத்துல என் மேனேஜர் கேட்டதில்லீங்க அப்படி.

கோகிலாவைக் கூப்புட்டேன். 'பாஸ்வேர்டு என்ன?'

'அதை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுங்க மாமா. நீங்களும் ஒண்ணு வெச்சுக்கங்க, எங்ககிட்டச் சொல்லாதீங்க'ன்னுது.

என்னுதை யாருங்க கேட்டா? ஒருத்தரும் கேக்கலை. மரியாதைக்குக் கூடக் கேக்கலை.

நான் நெனச்சிருந்தா மொத்தத்தையும் கலைச்சுப் போட்டிருப்பேன். சரி, எத்தனை நாளைக்கு ஆடறாங்கன்னு பாப்பம்னு உட்டேன். என் பொட்டியைத் தொறந்து பாத்தேன். புதுசா வந்ததுன்னு பாத்தா, உங்களை வரவேற்கிறோம்னு அந்த ப்ரோகிராம்காரன் அனுப்புனது ஒண்ணு இருந்துது. அவ்வளவுதான். கோளாறு ஏதாச்சும் இருக்குமோன்னு நானே எனக்கு ஒண்ணு அனுப்பிப் பாத்தேன். வந்துது. நல்லா வேலை செய்யுது. அதுக்குப் பதிலும் போட்டேன்.

நாகமணி டைப் அடிக்கற லச்சணத்தை நீங்க பாத்திருக்கோணும். ஒத்தை வெரலு. அந்த வெரல்லயும் மஞ்சத்தூளு. 'க' எங்க இருக்குது, 'க' எங்க இருக்குதுன்னு கோழி மேயற மாதிரி தேடுவா. கண்டுபுடிச்சதும் குத்துவா பாருங்க, அம்மியில கொத்தமல்லி நசுக்கற மாதிரி. கோகிலா பக்கத்துல நின்னு, 'மெதுவா அத்தை, மெதுவா'ன்னும். ரெண்டும் சேந்து சிரிச்சுக்கும். என்னத்தைக் கண்டு சிரிக்குமோ! நான் சோபாவுல உக்காந்து பேப்பர் படிக்கற மாதிரி பாத்துட்டே இருப்பேன். சொல்லிக் குடுக்கச் சொல்லி என்னைக் கேட்டிருக்கலாம். ஹையர் பாஸ் பண்ணுனவன் ஒருத்தன் அஞ்சடி தள்ளி உக்காந்திருக்கறான். கேக்கலீங்க. திமிரு.

அவ மொத லெட்டர் அடிக்கறதுக்கு ஒரு காலைப் பொழுது ஆச்சு. அனுப்பிப்போட்டு எதோ பிரசவம் முடிஞ்ச மாதிரி மூச்சு உட்டா. அடுத்த நாளே பதில் வந்துதாட்ட இருக்குது. படிச்சா. மறுபடியும் எதோ குத்துனா. இப்படியே ரெண்டு மூணு நாள் போக்குவரத்து. ஒருநாள் மத்தியானம் நான் வாசல்ல ஈசிச்சேர்ல படுத்திருக்கறேன். வந்து எம் முன்னால நின்னா. கண்ணெல்லாம் செவந்து போயிருக்குது.

'ஏனுங்க, பூபதி வந்துர்றேன்னு எழுதியிருந்தானா?'

'எப்போ?'

'நோம்பிக்கு முந்தி.'

'எழுதியிருப்பான்.'

'நான் வர வேண்டாம்னு சொன்னனா?'

'நீ சொல்லலை. நீ என்ன சொல்லியிருக்கோணுமோ அதை நான் சொன்னேன்.'

'எம் பேர்லயா?'

'அவன் உன்னைத்தான கேட்டிருந்தான்? யாரைக் கேட்டிருக்குதோ அவங்க பேர்லதான் பதில் போகோணும். ஆபீஸ் வழக்கம் அது.'

வேற பொம்பளையா இருந்தா இது எவ்வளவு பெரிய பொறுப்புன்னு புரிஞ்சிருக்கும். இவ என்னையே பாத்துட்டு நின்னா. அப்பறம் என்னைப் பாக்காம, அந்த வேப்பமரத்தைப் பாத்துச் சொல்றா: 'நாந்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்னு நெனச்சுக்கிட்டு எம் புள்ளை அங்க கெடந்திருக்கறான். காலு நடுங்க நடுங்க ஏணி ஏறியிருக்கறான்.'

'ஏறுனானில்ல? அதுதான் வேணும். விழுந்தா போயிட்டான்?'ன்னேன்.

அவ உள்ள போயிட்டா. போயி மிசின் முன்னால உக்காந்தவதான். சத்தம் மட்டும் கேக்குது, டொக்கு, டொக்குன்னு. வெளக்கு வெக்கற நேரம் வந்தும் எந்திரிக்கலை. அன்னைக்கு ஊட்ல அடுப்பே பத்த வெக்கலை. கலியாணமான நாள்ல இருந்து அப்படி நடந்ததில்லீங்க. நான் கையைக் கழுவிட்டுத் தட்டு முன்னால வந்து உக்காந்தேன். ஒருத்தரும் வரலை. கோகிலாவும் வரலை, அது இவ பக்கத்துல நின்னுக்கிட்டு இவ தோள்ல கைய வெச்சிருக்குது. கடைசியில நான் பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸுல போயித் தின்னுட்டு வந்தேன். சாம்பாராங்க அது? மஞ்சத்தண்ணி.

பையன் வந்துட்டான். பின்னென்ன, அம்மா கூப்புட்டாச்சு! கம்பெனிக்காரன் கையில கால்ல விழுந்து, எதையோ எழுதிக் குடுத்துட்டு வந்துட்டான். வந்து என்னைப் பாத்தான். 'நல்லா இருக்கீங்களா?'ன்னான். 'இருக்கறேன்'னேன். 'சரி'ன்னான். அவ்வளவுதானுங்க எங்களுக்குள்ள பேச்சு. ஆளு பாதியாயிட்டான். கழுத்தெலும்பு தெரியுது. இவ அவன் மூஞ்சியைத் தடவறா, கையைத் தடவறா, கால்ல எண்ணெய் வெச்சுத் தேய்க்கறா. இருபத்தெட்டு வயசு ஆம்பளைக்கு! நான் பாக்க முடியாம வெளிய போயிட்டேன்.

இங்க தங்கலை. கோயமுத்தூர்ல மோட்டார் கம்பெனி ஒண்ணுல ஸ்டோர் பாக்கற வேலை தேடிக்கிட்டான். ஸ்டோருங்க. தரையில நின்னு செய்யற வேலை. ஏணி இல்லை. மஸ்கட்டுல சூப்பர்வைசரா இருந்தவன் அங்க போல்ட்டும் நட்டும் எண்ணிப் போடறான். சந்தோசமா இருக்கறானாமா. பக்கத்துத் தெருவுக்காரரு பாத்துட்டு வந்து சொல்றாரு, பையன் வாயெல்லாம் சிரிப்புன்னு. எதுக்குச் சிரிக்கோணுமோ அதுக்குச் சிரிச்சாப் பரவால்லை.

கோகிலாவும் அவங்கூடப் போயிருச்சு. அப்பறம் அதுக்கு மாசமாச்சு, பொண்ணு பொறந்துது. பொறக்கறதுக்கு முந்தியே இவ ஒத்தாசைக்குன்னு கெளம்பிட்டா. கொழந்தைக்கு இப்போ தலை நின்னு, தவழவும் ஆரம்பிச்சிருச்சாமா. இன்னும் ஒத்தாசை முடியலை. எப்ப வர்றேன்னு நானும் கேக்கலை, அவளும் சொல்லலை. போன் பண்ணுவா. மாத்திரை தீந்துருச்சுங்களா, கேஸ் வந்துதுங்களான்னு கேப்பா. கொழந்தை பக்கத்துல கத்தும். வெச்சுருவா.

அவ கெளம்புன அன்னைக்கு, பையை வாசல்ல வெச்சுட்டு ஆட்டோவுக்கு நிக்கறா. நான் கேட்டேன். 'உம் பொட்டி இதுலயே கெடக்குது. பாஸ்வேர்டு சொல்லிட்டுப் போ. மிசினை என்னைக்காச்சும் சுத்தம் பண்றப்ப வேணும்.' சொல்ல மாட்டான்னுதான் நெனச்சேன். சண்டைக்கு ரெண்டு வார்த்தை கூட எடுத்து வெச்சிருந்தேன். அவ பட்டுன்னு சொல்லிட்டா: 'நாகு.'

'நாகுவா? என்ன அது?'

'சின்னதுல எங்கூட்ல அப்படித்தான் கூப்புடுவாங்க. தொறந்து பாத்துக்கங்க. மறைக்கறதுக்கு அதுல என்ன இருக்குது?' ஆட்டோ வந்துது, ஏறிட்டா.

அவளுக்கு அப்படி ஒரு பேரு இருக்கறது எனக்குத் தெரியாதுங்க. யாரும் சொல்லலை. சொன்னாத்தான தெரியும்?

அன்னைக்கே தொறந்தேன். ஏன் தொறக்கக் கூடாது? அவளே சொன்னதுதான. மொதல்ல இருந்து வரிசையா, ஆபீஸ் ஃபைலு படிக்கற மாதிரி ஒண்ணு உடாமப் படிச்சேன். அவளோட மொத லெட்டர், 'சாமி சாப்டயா.' அதுதான் மொத்தமே. ஒரு காலைப் பொழுது முழுக்க உக்காந்து அடிச்சது அது. அதுக்கு அவன் பதிலு: 'நீங்க நெசமாவே அம்மாவா? அம்மான்னா, நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு எங்க ஒளிஞ்சுக்கிட்டேன், சொல்லுங்க.' இவ எழுதியிருக்கறா: 'சோளத்தட்டுப் போருக்குள்ள. நான் பாத்தேன். ஆருகிட்டயும் சொல்லலை. மத்தியானம் சோறு கொண்டாந்து அங்கயே ஊட்டி உட்டேன்.' இந்த விசயமே எனக்கு அப்பத்தானுங்க தெரியும். ஒருநாள் லீவு போட்டிருக்கறான், எங்கிட்ட யாரும் சொல்லலை.

அதுக்கு அப்பறம் அவன் கேக்கறான், நீங்கதான வர வேண்டாம்னு எழுதுனீங்கன்னு. இவ எழுதறா: 'அது நான் எழுதுனதில்லை சாமி. நீ வா.' அவன், 'புரிஞ்சுதும்மா'ங்கறான். யாரு எழுதுனான்னு அவனும் கேக்கலை, அவளும் சொல்லலை. என்னைத் திட்டி நாலு வார்த்தை எழுதியிருப்பா, படிச்சுப்போட்டுப் போன்ல புடிச்சு வாங்கிரலாம்னு உக்காந்தவனுங்க நான். ஒண்ணுமே இல்லை. கொள்ளுப் பருப்பு எப்படிக் கடையறது. முருங்கை பூ வெச்சிருக்குது. முட்டிக்கால் வலி. எதுத்த ஊட்டுப் பூனை மச்சுல குட்டி போட்டிருக்குது. இதைத்தான் ரெண்டு பேரும், அவன் கோயமுத்தூர் போன பொறகும், பக்கம் பக்கமா எழுதியிருக்கறாங்க. எட்டாவது படிச்சவ, எழுத்துக்கு எழுத்து தப்பு, ஆனா பக்கம் பக்கமா. எங்கிட்ட இத்தனை வருசத்துல இதுல பாதி பேசியிருப்பாளான்னா, இல்லீங்க. பூனை குட்டி போட்டது கூட எனக்குத் தெரியாது. அது எந்த மச்சு? எங்கூட்டு மச்சு!

தேடறதுக்குன்னு அதுல ஒரு கட்டம் இருக்குது. அதுல 'அப்பா'ன்னு அடிச்சுத் தேடுனேன். அவ அனுப்புனதுல மட்டும். பரவால்லை, கொஞ்சம் கொஞ்சம் இருந்துது. ஒவ்வொண்ணாத் தொறந்து பாத்தேன். எல்லாத்துலயும் அது கடைசி வரியிலதான் வருதுங்க. ஒரே வரிதான், எல்லாத்துலயும்.

'அப்பா வர்றாங்க சாமி, நிறுத்திக்கறேன்.'

அவ்வளவுதான். முருங்கையைப் பத்தி நல்லாப் போயிட்டிருக்கும், அப்பா வர்றாங்க சாமி நிறுத்திக்கறேன். பூனைக்குட்டி கண்ணு முழிச்சுதுன்னு பாதியில இருக்கும், அப்பா வர்றாங்க சாமி நிறுத்திக்கறேன். நான் என்னங்க பண்ணுனேன்? என் ஊட்ல என் ஹாலுக்குள்ள வந்தேன். தண்ணி குடிக்க வந்திருப்பேன். கண்ணாடி எடுக்க வந்திருப்பேன். அதுக்கு இப்படி ஒரு பயமா? பயம்னும் சொல்ல முடியாது. நான் வர்றதை மழை வர்ற மாதிரி எழுதியிருக்கறா. துணியை எடுத்துட்டு உள்ள போற மாதிரி.

என்ன மனுசங்க, போங்க. ஒரு வரி, 'அப்பாவுக்கும் சேத்து ஒரு வார்த்தை எழுது'ன்னு பையன்கிட்டச் சொல்லத் தெரியலை. அவனுக்கும் தோணலை. மூணு பொட்டி வெச்சாங்களே, என் பொட்டிக்கு ஒரு தடவை, ஒருத்தராவது? நான் யாரையும் எதிர்பாக்கறவன் இல்லை. முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா, அதைச் சொல்றேன்.

அதுதானுங்க உங்களுக்கும் சொல்றேன். எடுத்துட்டுப் போனீங்கன்னா ஒரே பொட்டி. உங்க பேர்ல. பொண்டாட்டி, பொண்ணுங்க, யாரு கேட்டாலும் ஒரே பொட்டி.

என்னங்க? அட, அது ஒண்ணுமில்லை, அப்பப்போ இருமல். நீங்க வர்றப்பவும் கேட்டிருப்பீங்க. அடுப்படியில இருந்து இந்த ஹாலுக்குள்ள வர்றப்ப கதவு நிலைகிட்ட நின்னு ஒருக்கா இருமிட்டுத்தான் வர்றேனுங்க இப்பெல்லாம். கொஞ்சம் நின்னு, ரெண்டாவது தடவையும் இருமுவேன். உள்ள ஆளு யாரும் இல்லைதான். தொண்டையில என்னமோ. டாக்டர்கிட்ட காட்டோணும்.